பிபிசி ரேடியோ 4

பிபிசி ரேடியோ 4 என்பது ஐக்கிய இராச்சியத்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி நடத்தும் தேசிய வானொலிச் சேவைகளுள் ஒன்றாகும். செய்தி, நேர்காணல், நாடகம், நகைச்சுவை, அறிவியல், வரலாறு, நூல் வாசிப்பு, ஆவணத் தொகுப்பு, வானிலை அறிக்கை எனப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட நிகழ்ச்சிகளே இதில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. இசைத்தட்டுகளை ஒலிபரப்புவது இதன் பணி அன்று. இலண்டனில் போர்ட்லண்ட் பிளேசு என்னும் தெருவில் உள்ள பிராட்காஸ்டிங் ஹவுஸ் இச்சேவையின் தலைமையிடம் ஆகும். விளம்பரங்கள் எவையும் ஒலிபரப்பப்படுவதில்லை. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் இருந்து கிடைக்கும் வருமானத்தில் இச்சேவை நடத்தப்படுகின்றது. வானொலிக்கென இருந்த தனி உரிமக் கட்டணம் 1971 பெப்ரவரியில் நீக்கப்பட்டமையால், வானொலியை மட்டும் கேட்போர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

வரலாறு

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், பிபிசி தன்னுடைய தேசிய, வட்டார ஒலிபரப்புகளை ஒன்றாக்கி 'ஹோம் சேர்விஸ்' (உள்நாட்டுச் சேவை) என்ற பெயரில் ஒலிபரப்பத் தொடங்கியது. போர்க்காலச் செய்திகளை மக்கள் இச்சேவையின் மூலமே கேட்டனர். போருக்குப் பின்னர் பொழுதுபோக்குக்காக 'லைட் புரோகிராம்', உயர்கலைகளுக்காக 'தேர்ட் புரோகிராம்' ஆகியவையும் இயங்கி வந்தன.

1960களில் கடலில் நின்ற கப்பல்களில் இருந்து உரிமம் இன்றி இயங்கிய வானொலிகள் பாப் இசையை ஒலிபரப்பி இளைஞர்களைக் கவர்ந்தன. இதையடுத்து பிபிசி தனது வானொலிச் சேவைகளை மாற்றியமைத்தது. 1967 செப்டம்பர் 30 அன்று பாப் இசைக்காக ரேடியோ 1 தொடங்கப்பட்டது. லைட் புரோகிராம் ரேடியோ 2 எனவும், தேர்ட் புரோகிராம் ரேடியோ 3 எனவும், ஹோம் சேர்விஸ் ரேடியோ 4 எனவும் பெயர் மாற்றப்பட்டன.

1978 நவம்பர் 23 அன்று ரேடியோ 4 மத்திய அலையில் இருந்து நெட்டலைக்கு மாற்றப்பட்டது. தொடக்கத்தில் 200 கிலோஏர்ட்சு அதிர்வெண்ணில் இருந்த நெட்டலை ஒலிபரப்பு, 1988இல் 198 கிலோஏர்ட்சுக்கு மாற்றப்பட்டது. நெட்டலை தரையை ஒட்டி நெடுந்தொலைவு செல்லக்கூடியது. எனவே டிராய்ட்விச் நகருக்கு அருகில் உள்ள பெரிய கோபுரங்களில் இருந்தும், இசுக்காட்லாந்தில் உள்ள இரு நிலையங்களில் இருந்தும் வெளியான ஒலிபரப்பை நாடு முழுவதும் கேட்க முடிந்தது. சுற்றியுள்ள கடல்களில் செல்லும் கப்பல்களும், ஐரோப்பாவின் அண்டை நாடுகளில் வாழ்வோரும் இதனைக் கேட்டனர். பண்பலையிலும், பின்னர் எண்முறை வானொலியிலும், இணையத்திலும் இச்சேவை கிடைக்கலாயிற்று.

ரேடியோ 4இல் செய்தி வாசித்த முதல் பெண் சீலா டிரேசி ஆவார். அவர் 1974இல் செய்தி வாசித்தார். அதுவரை பெண்குரல் செய்தியின் கனத்துக்குப் பொருந்தாது என்ற கருத்து ஒலிபரப்புத் துறையில் நிலவி வந்தது.

ஒரு நாளின் நிகழ்ச்சிகள்

ரேடியோ 4 நிகழ்ச்சிநிரலின் அமைப்பு நேயர்களின் அன்றாட வாழ்வோடு இணைந்தது. இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி என்பது பல ஆண்டுகள் மாறாது இருப்பதனால், கடிகாரத்தைப் பாராமலே வானொலியைக் கேட்டு நேரத்தை அறிபவர்கள் உள்ளனர். திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஒரு நாளின் பொதுவான ஒழுங்கு கீழே விளக்கப்படுகின்றது.

அதிகாலை

நள்ளிரவு கடந்து 1 மணி முதல் அதிகாலை வரை பிபிசி உலகசேவையின் ஒலிபரப்பு அஞ்சல் செய்யப்படுகின்றது. அதன் பின்னர் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையுடன் ரேடியோ 4இன் நாள் தொடங்குகின்றது. தொடர்ந்து ஒரு குறுகிய இறைவேண்டலும், 'ஃபார்மிங் டுடே' என்னும் வேளாண்மைச் செய்தித் தொகுப்பும் இடம்பெறுகின்றன. விடியும் முன்னரே எழும் உழவர்களைக் கருதி இந்நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.

காலை

காலை 6 முதல் 9 வரை 'டுடே' (இன்று) என்னும் செய்தி நிகழ்ச்சி ஒலிபரப்பாகின்றது. இது 1957 அக்டோபர் 28 அன்று ஹோம் சேர்விஸில் தொடங்கப்பட்டது. முதலில் பல்சுவை நிகழ்ச்சியாக இருந்த இது, காலப்போக்கில் நாட்டின் அரசியல் விவாதத்தைத் தீர்மானிக்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. காலை 8.10 மணி அளவில் நிகழும் நேர்காணல் இதில் முதன்மையானது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் இந்நேரத்தில் நேரடியாக வினவப்படுகின்றனர். காலை 7.45 மணி அளவில் 'தாட் ஃபார் த டே' என்னும் மூன்று நிமிட அளவிலான சிந்தனை உரை இடம்பெறும். பல்வேறு சமயங்களைச் சார்ந்தோர் அன்றைய செய்தி ஒன்றைத் தத்தம் நம்பிக்கையின் நோக்கில் விளக்குவர். சமயம் சாராதவர்களுக்கும் இதில் இடம் அளிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் கோரிக்கையாகும்.

காலை 9 மணிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உரையாடல் நிகழ்ச்சி ஒலிபரப்பாவது வழக்கம். திங்கட்கிழமைகளில் 1970இல் தொடங்கிய 'ஸ்டார்ட் த வீக்' இடம்பெறுகின்றது. அறிவியலாளர்களின் வாழ்வையும் பணியையும் ஆராயும் 'த லைஃப் சயின்டிஃபிக்' 2011 முதல் ஒலிபரப்பாகி வருகின்றது. இதனை இயற்பியலாளர் ஜிம் அல்-கலீலி நடத்துகின்றார். 1998 அக்டோபரில் மெல்வின் பிராக் தொடங்கிய 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று பேராசிரியர்கள் உரையாடுவர். கருந்துளை, பண்டைய கிரேக்க நாடகம், ஒரு பேரரசின் வீழ்ச்சி, ஒரு கணிதத் தேற்றம் என எப்பொருளும் இதில் விலக்கப்படுவதில்லை. எளிமைப்படுத்தப்பட்ட வினோதச் செய்திகளைத் தராமல், துறை அறிஞர்களையே பொதுமக்களிடம் நேராகப் பேசவைத்தமை இதன் சிறப்பாகும். பிராக் 27 ஆண்டுகள் நடத்திய பின்னர் 2025இல் இப்பொறுப்பில் இருந்து விலகினார்.

காலை 10 மணிக்கு 'உமன்ஸ் அவர்' (மகளிர் நேரம்) ஒலிபரப்பாகின்றது. இது 1946 அக்டோபர் 7 அன்று லைட் புரோகிராமில் தொடங்கப்பட்டு, 1973இல் ரேடியோ 4க்கு மாற்றப்பட்டது. இதன் முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமி என்னும் ஆண் என்பது குறிப்பிடத்தக்கது. சமையலும் வீட்டுப் பராமரிப்பும் தொடக்க காலத்தில் மிகுதியாக இடம்பெற்றபோதிலும், மாதவிடாய் நிற்றல் போன்ற வெளிப்படையாகப் பேசப்படாத பொருள்களும் முதல் சில ஆண்டுகளிலேயே பேசப்பட்டன.

நண்பகலும் பிற்பகலும்

நண்பகலை ஒட்டி 'யூ அண்ட் யுவர்ஸ்' என்னும் நுகர்வோர் நலன் நிகழ்ச்சி இடம்பெறும். இது 1970இல் தொடங்கியதாகும். பிற்பகல் 1 மணிக்கு 'த வேர்ல்ட் அட் ஒன்' என்னும் செய்தி அலசல் ஒலிபரப்பாகின்றது. 1965இல் இது தொடங்கப்பட்டபோது, நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த வில்லியம் ஆர்ட்காசில் இதன் தொகுப்பாளரானார். செய்தி வாசிப்பையும் செய்தி விளக்கத்தையும் ஒரே நிகழ்ச்சியில் இணைத்தமை அக்காலத்தில் புதுமையாகக் கருதப்பட்டது.

பிற்பகல் 2 மணிக்கு முந்தைய நாள் மாலையில் ஒலிபரப்பான 'ஆர்ச்சர்ஸ்' தொடரின் மறு ஒலிபரப்பும், 2.15 மணிக்குத் தனி நாடகமும் இடம்பெறுவது பல்லாண்டு வழக்கம் ஆகும். இந்நாடகங்கள் பெரும்பாலும் 45 நிமிடங்கள் நீடிப்பவை. புதிய எழுத்தாளர்கள் பலருக்கு முதல் வாய்ப்பைத் தந்தது இந்நாடக நேரமே.

மாலை

மாலை 5 மணிக்கு 1970இல் தொடங்கிய 'பி எம்' என்னும் செய்தி நிகழ்ச்சி ஒலிபரப்பாகின்றது. சரியாக 6 மணிக்கு, நாடாளுமன்றக் கோபுரத்தில் உள்ள பிக் பென் மணியோசை நேரடியாக ஒலிக்க, அரைமணி நேரச் செய்தியறிக்கை தொடங்கும். பிக் பென் ஓசை முதன்முதலாக வானொலியில் கேட்டது 1923ஆம் ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவில் ஆகும். மற்ற மணி நேரங்களில் 'பிப்' எனப்படும் ஆறு குறுகிய ஒலிகள் நேரத்தை அறிவிக்கின்றன. இவை 1924 பெப்ரவரி 5 முதல் ஒலிபரப்பாகின்றன. எண்முறை வானொலியிலும் இணையத்திலும் ஒலி சில நொடிகள் தாமதித்து வருவதனால், அவற்றின் வழி கேட்போர் இவ்வொலிகளைக் கொண்டு கடிகாரத்தைத் துல்லியமாகத் திருத்த இயலாது.

மாலை 6.30 மணி நகைச்சுவைக்கு உரியது. தயக்கமோ, திரும்பச் சொல்லலோ, பொருள் விலகலோ இன்றி ஒரு நிமிடம் பேச வேண்டும் என்னும் விதியை உடைய 'ஜஸ்ட் எ மினிட்' 1967 டிசம்பரில் தொடங்கியது. நிக்கலசு பார்சன்சு இதனைத் தொடக்கம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தி 2020இல் காலமானார். வார நிகழ்வுகளை எள்ளி நகையாடும் 'த நியூஸ் குவிஸ்' 1977இல் தொடங்கியது.

இரவு 7 மணிக்கு ஆர்ச்சர்ஸ் தொடரும், அதனை அடுத்துக் கலை இலக்கிய நிகழ்ச்சியான 'ஃபிரன்ட் ரோ'வும் ஒலிபரப்பாகின்றன. இரவு 8 மணிக்குப் பின் ஆவணத் தொகுப்புகளும் புலனாய்வு நிகழ்ச்சிகளும் இடம்பெறும். வெள்ளிக்கிழமைகளில் 1948இல் தொடங்கிய 'எனி குவெஸ்டியன்ஸ்?' நிகழ்ச்சி வெவ்வேறு ஊர்களில் இருந்து ஒலிபரப்பாகின்றது. உள்ளூர் மக்கள் எழுப்பும் வினாக்களுக்கு அரசியலாளர்கள் மேடையில் விடையளிப்பர்.

இரவு

இரவு 10 மணிக்கு 'த வேர்ல்ட் டுனைட்' உலகச் செய்திகளை ஆராய்கின்றது. அதன்பின் 'புக் அட் பெட்டைம்' நிகழ்ச்சியில் நடிகர் ஒருவர் ஒரு நாவலைச் சுருக்கிப் பகுதி பகுதியாக வாசிப்பார். 11.30 மணிக்கு 'டுடே இன் பார்லிமென்ட்' அன்றைய நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொகுத்து வழங்கும். இந்நிகழ்ச்சி 1945 முதல் ஒலிபரப்பாகி வருகின்றது. ஆனால் உறுப்பினர்களின் குரலையே வழக்கமாக ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது 1978 ஏப்ரலில்தான். அதுவரை செய்தியாளர்கள் உரைகளைத் தாமே எடுத்துரைத்தனர்.

நள்ளிரவுச் செய்திகளுக்குப் பின்னர், ரொனால்டு பிஞ்சு இயற்றிய 'செய்லிங் பை' என்னும் மெல்லிசை ஒலிக்கும். தொடர்ந்து அன்றைய இறுதிக் கடல் வானிலை அறிக்கையும், நாட்டுப்பண்ணும் ஒலிக்க நாள் நிறைவுறும்.

கடல் வானிலை அறிக்கை

1859இல் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்சுக் கரைக்கு அப்பால் புயலில் சிக்கி உடைந்து 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதன் விளைவாக, பிரித்தானிய வானிலைத் துறையை நிறுவிய இராபர்ட் ஃபிட்சுராய் 1861இல் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார். 1920களில் இது வானொலிக்கு வந்தது. 2025இல் பிபிசி வானொலியில் இதன் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது.

பிரித்தானியத் தீவுகளைச் சூழ்ந்த கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நோர்வேக்கு அருகில் உள்ள 'வைக்கிங்' பகுதியில் தொடங்கி, கடிகாரத் திசையில் சுற்றி, 'தென்கிழக்கு ஐசுலாந்து' பகுதியில் அறிக்கை முடியும். முதலில் புயல் எச்சரிக்கை, அடுத்துப் பொதுவான வானிலை நிலைமை, பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் காற்றின் திசையும் வேகமும், கடலின் நிலை, மழை, பார்வைத் தெளிவு என்னும் வரிசை மாறாது. ஏறக்குறைய 350 சொற்களுக்குள் முழு அறிக்கையும் அமைய வேண்டும் என்பது விதி. படகில் உள்ளவர் கேட்டுக் குறித்துக்கொள்ள ஏதுவாக இது நிதானமாக வாசிக்கப்படுகின்றது. எசுப்பானியாவும் 'ஃபினிஸ்டர்' என்ற பெயரை வேறொரு பகுதிக்குப் பயன்படுத்தி வந்தமையால், 2002இல் அப்பகுதி 'ஃபிட்சுராய்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

உயிர் காக்கும் தொழில்நுட்ப அறிவிப்பாகிய இதனைக் கடலையே காணாத பலரும் விரும்பிக் கேட்கின்றனர். கட்டிலில் படுத்தபடி இரவின் இறுதி அறிக்கையைக் கேட்டு உறங்குவதைப் பழக்கமாகக் கொண்டோர் உள்ளனர். கவிஞர்கள் இதனைப் பாடுபொருளாகக் கொண்டுள்ளனர்.

ஆர்ச்சர்ஸ்

'த ஆர்ச்சர்ஸ்' உலகில் மிக நீண்ட காலம் ஒலிபரப்பாகி வரும் நாடகத் தொடர் ஆகும். 1950இல் வெள்ளோட்டமாக ஒலிபரப்பாகி, 1951 சனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகின்றது. போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் முறைகளை உழவர்களுக்குக் கதை வடிவில் எடுத்துச் சொல்லும் நோக்குடன் காட்பிரே பேசுலி இதனை உருவாக்கினார். வேளாண்மை அமைச்சின் ஆலோசனையும் பெறப்பட்டது. ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரே கதைக்களம். 1955 செப்டம்பர் 22 அன்று கிரேசு ஆர்ச்சர் என்னும் கதைமாந்தர் தீயில் சிக்கி இறப்பதாக ஒலிபரப்பானபோது, உண்மையான மரணம் போல நேயர்கள் துயருற்றனர். பிரித்தானியாவின் முதல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய இரவும் அதுவே.

2016இல் எலன் என்னும் மனைவியைக் கணவன் படிப்படியாகத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து மனத்தளவில் சிதைக்கும் கதை பெரும் கவனத்தைப் பெற்றது. இத்தகைய கட்டுப்பாட்டு வன்முறை இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாக்கப்பட்டுச் சிறிது காலமே ஆகியிருந்தது. கதையைக் கேட்ட நேயர் ஒருவர் தொடங்கிய நிதி சேகரிப்பின் மூலம், பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் அளிக்கும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு இலட்சம் பவுணுக்கும் மேல் திரண்டது.

அரசியலும் சர்ச்சைகளும்

2003 மே 29 அன்று டுடே நிகழ்ச்சியில் காலை 6 மணிக்குச் சற்றுப் பின்னர் ஒலிபரப்பான ஒரு செய்தி, ஈராக்கின் ஆயுதங்கள் பற்றிய அரசின் ஆவணம் மிகைப்படுத்தப்பட்டதாகக் கூறியது. அரசுக்கும் பிபிசிக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. அச்செய்திக்கு ஆதாரமாக இருந்த அறிவியலாளர் டேவிட் கெல்லி சூலை மாதத்தில் உயிரிழந்தார். 2004 சனவரியில் வெளியான அட்டன் பிரபுவின் விசாரணை அறிக்கை பிபிசியைக் குறைகூறியதை அடுத்து, அதன் தலைவர் கவின் டேவிசும், தலைமை இயக்குநர் கிரெக் டைக்கும் பதவி விலகினர்.

2012 நவம்பர் 10 அன்று பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் சார்ச் என்ட்விசில், தன் நிறுவனத் தொலைக்காட்சியின் தவறான செய்தி ஒன்றைப் பற்றி டுடே நிகழ்ச்சியில் சான் அம்பிரிசு என்பவரால் கடுமையாக வினவப்பட்டார். அன்று இரவே அவர் பதவி விலகினார். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அதன் தலைவரையே நாடறிய வினவ முடிந்தமை, பொது ஒலிபரப்பின் தன்னுரிமைக்குச் சான்றாகச் சுட்டப்படுகின்றது.

நேயர்களும் மாற்றங்களும்

ரேடியோ 4 நேயர்கள் மாற்றங்களை எளிதில் ஏற்காதவர்கள் எனப் பெயர் பெற்றவர்கள். 1991இல் வளைகுடாப் போரின்போது பண்பலையில் தொடர் செய்தி ஒலிபரப்பப்பட்டது. இதன் பின்னர் நெட்டலையை முழுநேரச் செய்திச் சேவைக்கு ஒதுக்கத் திட்டமிடப்பட்டது. பண்பலை எட்டாத ஊர்களிலும், ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்ந்த நேயர்கள் தம் வானொலி பறிபோகும் என அஞ்சினர். 1993இல் அவர்கள் இலண்டனில் ஊர்வலம் சென்றனர். பிபிசி திட்டத்தைக் கைவிட்டது. செய்திக்கும் விளையாட்டுக்குமாக 1994 மார்ச்சில் 'ரேடியோ 5 லைவ்' மத்திய அலையில் தொடங்கப்பட்டது.

எல்லாப் போராட்டங்களும் வெற்றி பெறவில்லை. நாள்தோறும் அதிகாலையில் ஒலித்த, ஃபிரிட்சு சுபீகல் தொகுத்த நாட்டுப்புற மெட்டுகளின் கோவையான 'யூகே தீம்', எதிர்ப்புகளையும் மீறி 2006 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

நெட்டலையின் முடிவும் இவ்வாறே நெருங்கியது. நெட்டலைப் பரப்பிகளுக்கு வேண்டிய பெரிய வெற்றிடக் குழாய்கள் இனி உற்பத்தி செய்யப்படுவதில்லை என 2011இல் செய்திகள் வெளியாயின. 2022 மே மாதத்தில், நெட்டலையில் தனி நிகழ்ச்சிகளை நிறுத்தி, பின்னர் அச்சேவையையே மூடும் திட்டத்தைப் பிபிசி அறிவித்தது. நெட்டலையில் நெடுங்காலம் இடம்பெற்ற துடுப்பாட்ட நேர்முக வருணனையான 'டெஸ்ட் மாட்ச் ஸ்பெசல்' 2023க்குப் பின் அதில் ஒலிக்கவில்லை. 2024 ஏப்ரல் முதல் தனி நிகழ்ச்சிகள் யாவும் நிறுத்தப்பட்டன. அதனுடன், நாளுக்கு நான்கு முறை ஒலித்த கடல் வானிலை அறிக்கையின் எண்ணிக்கையும் குறைந்தது. இதே அலையில் மறைந்து சென்ற குறிகைகளைக் கொண்டு இயங்கிய பழைய மின்மானிகளை மாற்ற வேண்டியிருந்தமையும் மூடுதல் தாமதமானதற்கு ஒரு காரணம் ஆகும்.

இந்திய, தமிழ்த் தொடர்புகள்

பிபிசி ஆண்டுதோறும் நடத்தும் ரீத் சொற்பொழிவுகள் 1948இல் பெர்ட்ரண்டு இரசலின் உரைகளுடன் தொடங்கின. இவை ரேடியோ 4இல் ஒலிபரப்பாகின்றன. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எசு. இராமச்சந்திரன் 2003இல் மனித மூளை குறித்து இச்சொற்பொழிவுகளை ஆற்றினார். மருத்துவர் அதுல் கவாண்டே 2014இல் ஆற்றிய உரைகளுள் ஒன்று தில்லியில் நிகழ்ந்தது.

2010இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துடன் இணைந்து ஒலிபரப்பான, 100 பொருள்கள் வழியே உலக வரலாற்றைச் சொல்லும் தொடரில், இங்கிலாந்தில் கிடைத்த உரோமானியர் காலத்து வெள்ளி மிளகுச் சிமிழ் ஒன்று இடம்பெற்றது. தென்னிந்திய மிளகு உரோமப் பேரரசுக்குச் சென்ற கடல் வணிகம் அதன்வழி விளக்கப்பட்டது. சுனில் கில்னானி 2015, 2016 ஆண்டுகளில் வழங்கிய, இந்தியாவின் வரலாற்றை 50 மனிதர்களின் வாழ்வின் வழியாகக் கூறும் தொடரில் இராசராச சோழன், வ. உ. சிதம்பரம் பிள்ளை, சீனிவாச இராமானுசன், பெரியார், எம். எசு. சுப்புலட்சுமி ஆகியோர் பற்றிய பகுதிகள் ஒலிபரப்பாயின. தெற்காசிய வம்சாவளியினர் 1996இல் ரேடியோ 4இல் தொடங்கிய 'குட்னெஸ் கிரேசியஸ் மீ' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி, 1998இல் தொலைக்காட்சிக்குச் சென்று புகழ்பெற்றது.

தாக்கம்

வானொலியில் பிறந்து பிற ஊடகங்களுக்குச் சென்ற படைப்புகள் பல. டக்ளசு ஆடம்சு எழுதி 1978 மார்ச்சில் ரேடியோ 4இல் ஒலிபரப்பான 'த ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்சி' என்னும் அறிபுனை நகைச்சுவைத் தொடர், பின்னர் நாவலாகவும், தொலைக்காட்சித் தொடராகவும், 2005இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. பழைய நாடகங்களையும் நகைச்சுவைகளையும் மறு ஒலிபரப்புச் செய்ய 2002இல் எண்முறை வானொலியில் தொடங்கிய 'பிபிசி 7', 2011இல் 'ரேடியோ 4 எக்சுட்ரா' எனப் பெயர் மாற்றப்பட்டது.

இணையத்தில் விரும்பிய நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி பரவிய பின்னர், நேர ஒழுங்கின் இன்றியமையாமை குறைந்துள்ளது. எனினும், தேடிச் செல்லாமலே ஒரே நாளில் உழவும் நாடாளுமன்றமும், நாடகமும் கணிதமும், கடலின் நிலையும் ஒருவர் காதில் விழச் செய்வதே இத்தகைய பேச்சு வானொலியின் தனித்தன்மையாக இருந்து வருகின்றது.